பழைய கேமுக்கு அனுதாபம் வேண்டாம்

வெளிவந்து பத்து, இருபது வருஷம் ஆன வீடியோ கேமை ஒருவர் இன்று உட்கார்ந்து ஆடினால், அவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. முதல் தீர்ப்பு: “அதெல்லாம் அவுட்டேட் ஆயிடுச்சு, வேற வழி இல்லாம ஆடுறாரு.” இரண்டாவது கொஞ்சம் பரிவோடு வரும்: “90ஸ் கிட்ஸ் பாவம், சின்ன வயசு ஞாபகம்.” எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் கடைத்தெருவில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டித் தருகிற தம்பியும் இதைச் சொல்கிறார். சென்னையிலிருந்து யூடியூபில் பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். தேன்மிட்டாய், பம்பரம், ஆடியோ கேசட்டைச் சுற்றும் பென்சில் என்று போகும் மீம் பட்டியலில் மரியோவையும் கான்ட்ராவையும் சேர்த்து மூட்டை கட்டியாயிற்று.

இரண்டில் எனக்கு அதிகக் கோபம் தருவது இரண்டாவதுதான். ஏளனம் செய்பவரோடு சண்டை போடலாம், வாதாடலாம். அனுதாபப்படுகிறவர் வாதத்துக்கே இடம் தருவதில்லை. “உன் ஞாபகத்தால்தான் அது உனக்கு இனிக்கிறது” என்று சொல்லும்போதே, அந்தப் படைப்பில் சொந்தமாகச் சரக்கு ஒன்றுமில்லை என்று முடித்துவிடுகிறார். இரண்டு தீர்ப்பும் ஒரே நம்பிக்கையில் பிறந்தவை. மருந்து அட்டையில் இருப்பது போலக் கேமுக்கும் காலாவதித் தேதி உண்டு, அது வெளியான வருஷத்தை ஒட்டியே வந்துவிடும் என்ற நம்பிக்கை. அது தவறு. பழைய கேம் தரும் இன்பம் அந்தக் கேமுக்குள்ளேயே இருக்கிறது. சில கேம்களில் அது வெளியான அன்று இருந்ததைவிட இன்று கூடியே இருக்கிறது.

ஞாபகக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் நிலவரத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு முதல் வரியிலேயே இடிக்கிறது.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் கருவியை வெளியிட்டது 1983-ல். சூப்பர் மரியோ 1985-ல் வந்தது. அந்தக் கருவியின் மலிவான நகல்கள்தான் நம் பக்கம் ‘டிவி கேம்’ என்ற பெயரில் வந்தவை. பெரம்பலூர் மாவட்டத்தின் கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்குள் கலர் டிவி நுழைந்ததே 2006-ல் தொடங்கிய அரசின் இலவச டிவி திட்டத்துக்குப் பிறகு. பதினான்கு அங்குலப் பெட்டி. அதன் பின்பக்கம் ஆன்டெனா ஒயர் சொருகும் ஓட்டையில் டிவி கேமின் ஒயரைச் சொருகி, புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருக்கும் திரையில் சேனலைத் தேடித் தேடிக் கொண்டுவந்து நிறுத்தினால் மரியோ நிற்பான். எங்கள் வீடுகளுக்கு வந்து சேரும்போதே அவனுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது.

அடுத்த அலை 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகளின் கையில் முதல் கம்ப்யூட்டர் வந்தது. அந்த வருஷத்துப் பெரிய கேம்கள் அதில் சரியாக ஓடாது. ஓடியவை வேறு: 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 2000-ல் வந்த ஐஜிஐ, 2002-ல் வந்த வைஸ் சிட்டி, 2005-ல் வந்த மோஸ்ட் வான்டட், 2006 கடைசியில் வந்த கிரிக்கெட் 07. பென்டிரைவ் கை மாறிக்கொண்டே இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைஸ் சிட்டியின் சீட் கோடுகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ‘பேன்சர்’ என்று தட்டினால் வானத்திலிருந்து டாங்கி விழும். ‘லீவ் மீ அலோன்’ என்று தட்டினால் துரத்தும் போலீஸ் விலகிப் போகும்.

இப்போது ஞாபகம் பேசுகிறவரிடம் கேட்கிறேன். 2012-ல் பிளஸ் டூ படித்த பையன், வைஸ் சிட்டி வெளியானபோது ஏழு வயதுக் குழந்தை. அந்தப் பெயரையே அவன் கேட்டதில்லை. பத்து வருஷம் கழித்து முதன்முதலாக அந்த நகரத்துக்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போகிறான். கடற்கரைச் சாலையில் அந்தி இறங்குகிறது, ரேடியோவில் பாட்டு மாறுகிறது, அவன் மிஷனை மறந்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறான். இதில் எந்தக் குழந்தைப் பருவம் திரும்பி வந்தது? அவனுக்கு அது அன்றைக்குப் பிறந்த புத்தம் புதுக் கேம். பெரும்பாலான தமிழர்கள் பெரும்பாலான கேம்களைச் சந்தித்தது இப்படித்தான், தாமதமாக. தாமதம் நமக்கு விதிவிலக்காக வந்ததில்லை, எப்போதும் அதுவே வழக்கம். வெளியான வாரமே ஆடுவதுதான் இயல்பு, மற்றதெல்லாம் ஏக்கம் என்பது டோக்கியோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு. அதை அப்படியே வாங்கிப் பெரம்பலூரில் ஒப்பிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இன்னும் வலுவான சாட்சி அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன், 1989-ல் வந்த நின்டெண்டோ டெட்ரிஸை அது உறைந்து நின்றுபோகும் இடம் வரை ஆடிக் காட்டினான். 157-வது லெவல். மனிதர் யாரும் அதற்கு முன் அங்கே போனதில்லை. 29-வது லெவலுக்கு மேல் கட்டைகள் விழும் வேகத்தை மனிதக் கையால் சமாளிக்கவே முடியாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பிறகு வந்த ஆட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கருவியின் பட்டன்மேல் விரலை வைத்து, பின்பக்கத்தை மற்ற விரல்களால் வரிசையாகத் தட்டும் புதுப் பிடியைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிடி வந்த பிறகு கேமின் எல்லையே நகர்ந்துவிட்டது. கேம் பிறந்து இருபது வருஷத்துக்கும் மேல் கழித்துப் பிறந்த பிள்ளை அவன். அவனிடம் போய் மலரும் நினைவுகள் பற்றிப் பேச முடியுமா?

இனி கிராபிக்ஸ். “அந்தக் கட்டம் கட்டமான படத்தை எப்படித்தான் பார்க்கிறீர்களோ” என்பார்கள். கண்ணுக்கு எது அழகு என்று அவரவர் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் தொழில்நுட்பம் குறைவாக இருந்ததால் வேலைப்பாடும் குறைவாக இருந்தது என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன்.

சூப்பர் மரியோவின் முதல் நிமிஷத்தை நிதானமாகப் பாருங்கள். மரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் காலி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, கால் தானாக வலப்பக்கம் போகிறது. எதிரே ஒரு பிராணி நடந்து வருகிறது. பார்த்துக்கொண்டு நின்றால் உயிர் போகும், தாண்டினால் தப்பலாம், தாண்டும்போது அதன் தலையில் மிதித்துவிட்டால் அது நசுங்கும். ஆகக் குதிக்கக் கற்றுக்கொண்டாயிற்று. மேலே கேள்விக்குறி போட்ட பெட்டி மின்னுகிறது. முட்டினால் காளான் வெளியே வருகிறது. அதுவும் எதிரியோ என்று பயந்து ஒதுங்க நினைப்போம். அந்தக் காளான் வலப்பக்கம் உருண்டு போய், அங்கே நிற்கும் குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. தலைக்கு மேலே கற்கள் இருப்பதால் தாண்டித் தப்பிப்பதும் சிரமம். பயந்தவன் கையிலும் காளான் வந்து சேர்ந்து அவன் பெரியவனாகிறான். காளான் நல்லது என்ற பாடமும் முடிந்தது. ஒரு எழுத்து இல்லை, ஒரு குரல் இல்லை. ஜப்பானிய மொழியும் தெரியாத, ஆங்கிலமும் தெரியாத செட்டிகுளத்துப் பிள்ளைக்கு அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும் அவர் குழுவும் ஒரே நிமிஷத்தில் கேமைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கேம் முழுவதும் 40 கிலோபைட். வாட்ஸாப்பில் காலை வணக்கம் சொல்லி வருகிற ஒரு படமே இதைவிடப் பெரியது. வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே ஓவியம்தான், வர்ணம் மட்டும் வேறு. அவ்வளவு சிக்கனம். ஒவ்வொரு பைட்டும் எதற்காக இருக்கிறது என்று செய்தவருக்குத் தெரியும். இன்று வரும் பெரிய துப்பாக்கிக் கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. தினம் ஒன்றரை ஜிபி கிடைக்கும் செல்போன் பிளானை வைத்துக்கொண்டு அதை இறக்கினால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு அது முதலில் காட்டுவது அரை மணி நேரப் பயிற்சிப் பகுதி: இந்தப் பட்டனை அழுத்து, இப்போது அதை அழுத்து.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கிளாஸில் ஆசிரியர் வெளியே போனதும் நம்மில் பலர் திறந்த கேம் அது. 1989-ல் ஜோர்டன் மெக்னர் அதைக் கிட்டத்தட்டத் தனி ஆளாகச் செய்தார். தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பிரேம் பிரேமாகப் பார்த்து வரைந்தார். அதனால்தான் அந்த இளவரசன் ஓடினால் உடனே நிற்க மாட்டான், இரண்டடி சறுக்கித்தான் நிற்பான். விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது அவன் உடம்பின் கனம் நமக்குத் தெரியும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நகர்ந்தால் ஒரு சின்ன அடி வைப்பான், விளிம்பிலிருந்து விழ மாட்டான். முழுக் கேமுக்கும் ஒரு மணி நேரம்தான் கெடு. இன்றைக்கு ஆடினாலும் அந்தச் சின்ன அடியை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஆட வேண்டியிருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக அது மங்கவில்லை.

புதிய தொழில்நுட்பத்தைப் பழைய கேமின்மேல் ஏற்றினால் தானாக மேம்பட்டுவிடும் என்றால், 2021 நவம்பரில் நடந்ததற்கு என்ன சொல்வார்கள்? வைஸ் சிட்டி உட்பட மூன்று பழைய ஜிடிஏ கேம்களையும் புதுப்பித்து ‘இதுதான் இறுதிப் பதிப்பு’ என்று ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்டது. மழை பெய்தால் வெள்ளைக் கோடுகளால் திரை மறைந்து சாலையே தெரியவில்லை. கடைப் பலகைகளில் எழுத்துகள் தப்புத் தப்பாக மாறியிருந்தன. மனித முகங்கள் பொம்மை முகங்களாயின. அதற்குச் சற்று முன்பே அசல் கேம்களைக் கடையிலிருந்து எடுத்தும் விட்டார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டருக்கான அசல்களைத் திரும்பக் கொடுப்பதாக அறிவித்தது. 128 எம்பி ரேமில் ஓடிய வைஸ் சிட்டி அசலில், தூரத்துக் கட்டடங்களை மறைத்து நிற்கும் அந்த மங்கல் இருக்கிறதே, அது கருவியின் போதாமையை மறைக்கச் செய்த ஏற்பாடு. அதையே நகரத்தின் சூடாகவும் கடற்காற்றாகவும் மாற்றியிருந்தார்கள். மங்கலை நீக்கினால் நகரம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கித் தெரிகிறது. பழையவர்கள் இல்லாமையைக்கூடப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்.

பழையது எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. ‘99999 இன் 1’ என்று அட்டை ஒட்டிய கேசட்டில் உருப்படியாக நாலைந்து கேம் இருந்தால் அதிகம், மற்றதெல்லாம் அதே கேம் வேறு பெயரில் வரும். சகிக்க முடியாத பழைய கேம்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவை இன்று எங்கே? யாரும் ஆடுவதில்லை. இதைத்தான் காலம் நமக்குச் செய்து தந்திருக்கிறது. எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்தை வெட்டியதும் எல்லாவற்றையும் விற்றுவிட மாட்டார்கள். காற்றுப் போகிற மாதிரி பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைப்பார்கள். அழுகுவது அழுகிப்போகும், நீர் வற்றிச் சிவந்து இறுகி நிற்பது நிற்கும். விதைக்கு எடுப்பது அப்படி நின்ற காயைத்தான். புதுக் கேம் வாங்குகிறவர் வயலிலிருந்து ஈரத்தோடு வருவதை விளம்பரத்தை நம்பி வாங்குகிறார். நான் பட்டறையிலிருந்து எடுக்கிறேன்.

காலம் சலித்துத் தருவதோடு நிற்பதில்லை, சேர்த்தும் தருகிறது. இந்த இடத்தில் எனக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பழைய கேம் செத்த பொருள் என்று நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியாது.

1999-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் அதைச் செய்தது. முதலில் பதின்மூன்று நாகரிகங்கள். ஜப்பானியர் உண்டு, சீனர் உண்டு, பாரசீகர் உண்டு. இந்தியா இல்லை. அடுத்த வருஷம் வந்த விரிவாக்கத்தோடு பதினெட்டு ஆயிற்று. அப்போதும் இல்லை. 2009-ல் அந்த ஸ்டுடியோவையே மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. காலாவதிக் கணக்குப்படி கேமின் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ரசிகர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து புதிய நாகரிகங்களை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். அது 2013-ல் அதிகாரப்பூர்வ விரிவாக்கமாகவே ஏற்கப்பட்டது. ‘இந்தியர்கள்’ அதில்தான் முதன்முதலாக வந்தார்கள், ஒரு துணைக்கண்டம் முழுவதும் ஒரே பெயருக்குள். பிறகு 2019-ல் புதுப்பதிப்பு. 2022 ஏப்ரலில் அந்த ஒற்றைப் பெயரைப் பிரித்து வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் உள்ளிட்ட தனித்தனி நாகரிகங்களாகத் தந்தார்கள். திராவிடர்களுக்கான தொடர் ஆட்டம் ராஜேந்திர சோழன் பெயரில்.

கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும் இடம். அந்த ஊரைத் தலைநகராக எழுப்பி, 1025-ல் கடல் கடந்து கடாரத்துக்குப் படை அனுப்பிய மன்னன், தன் பெயரில் ஆடப்படுவதற்கு ஒரு கேம் இருபத்து மூன்று வருஷம் பழசாக வேண்டியிருந்தது. 1999-ல் வெளியான வாரமே ஆடி முடித்து மூடிவைத்தவருக்கு இந்த இன்பம் கிடையாது. தாமதமாக வந்த எனக்கு உண்டு.

ஆடும்போது அதன் ருசி இன்னும் தெரியும். குடியானவரைச் சொடுக்கினால் தமிழில் பதில் வருகிறது. மற்ற நாகரிகங்கள் பலவும் நம்பி இருக்கும் ‘நைட்’ கனரகக் குதிரைப்படை நமக்கு இல்லை. அதனால் கேமின் நடுப்பகுதியில் எதிரி குதிரையோடு வந்து வயலில் வேலை செய்பவர்களை மிதித்துவிட்டுப் போவான், நாம் ஈட்டிக்காரர்களை முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு ஈடாகப் படைக்கூட ஆராய்ச்சிகள் பாதி விலை. அடுத்த யுகத்துக்கு முன்னேறும் ஒவ்வொரு முறையும் 200 மரம் இனாம். மீனவர்கள் ஒரே நடையில் அதிக மீன் சுமந்து வருவார்கள், நீரோரம் இருந்தால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. கடைசி யுகம் வரை தாக்குப்பிடித்துவிட்டால் உருக்கு ஆராய்ச்சி ஒன்று வரும். அதை முடித்ததும் நம் காலாள் வெட்டும் வெட்டுக்கு எதிரியின் கவசம் கணக்கிலேயே வராது. அந்த ஒரு நிமிஷத்துக்காக முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தற்காத்து ஆடுவதில் உள்ள நிறைவைச் சொல்லித் தீராது. உலகம் முழுவதும் இதை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் கோட்டைக்குள்ளேயே மேடை போட்டுப் போட்டி நடத்தினார்கள்.

கிரிக்கெட் 07-ம் அப்படித்தான். ஈஏ நிறுவனம் அதற்குப் பிறகு கிரிக்கெட் கேமே செய்யவில்லை. அதில் எல்லா அணிகளுக்கும் முறையான உரிமம் இல்லை, நம் வீரர்களின் பெயர்களைத் திரித்து வைத்திருந்தார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இருந்த ரசிகர்கள் பெயரைத் திருத்தினார்கள், சட்டையை மாற்றினார்கள், கேம் வந்தபோது பிறந்தே இராத ஐபிஎல் அணிகளை உள்ளே கொண்டுவந்தார்கள். சம்பளம் இல்லாத வேலை. கேமை விற்றவர்கள் கைவிட்ட பிறகு ஆடியவர்கள் எடுத்து வளர்த்தார்கள்.

இதற்கு எதிரே புதுக் கேமின் ஆயுளைப் பார்ப்போம். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. இரவு பகலாக அதில் கிடந்த பிள்ளைகளின் செல்போனில் சில வாரத்தில் அது வெறும் படமாயிற்று. அதன் இந்தியப் பதிப்பு 2021-ல் வந்தது, 2022-ல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023-ல் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. தடை சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. கேம் நம் கையில் இல்லை, எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது என்பதுதான் விஷயம். தடைகூட வேண்டியதில்லை, கம்பெனி நினைத்தாலே போதும். 2014-ல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் கேமின் சர்வரை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர் தனியாக ஆடுவதற்குக்கூட வழியில்லை. பத்து வருஷம் தாங்காத அதைப் புதுசு என்றும், நாற்பது வருஷமாக ஓடும் மரியோவைக் காலாவதி என்றும் எப்படிச் சொல்கிறார்கள்?

காசு விஷயமும் இருக்கிறது. ஃப்ரீ ஃபயரில் ‘டைமண்ட்’ வாங்க அப்பா செல்போனிலிருந்து பிள்ளை பணம் அனுப்பிய கதை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. சட்டைக்குக் காசு, துப்பாக்கியின் நிறத்துக்குக் காசு, என்ன வரும் என்று தெரியாத பெட்டியைத் திறக்கக் காசு. அந்தக் கேம்களுக்கு முடிவு கிடையாது, முடிந்தால் வியாபாரம் நின்றுவிடும். கான்ட்ராவுக்கு முடிவு உண்டு. எட்டாவது கட்டத்தில் அந்தப் பெரிய இதயத்தைச் சுட்டு வீழ்த்தினால் ஹெலிகாப்டர் கிளம்பும், தீவு வெடிக்கும், பெயர்கள் ஓடும். எழுந்து போய்ச் சாப்பிடலாம். பிள்ளை எந்நேரமும் கேமிலேயே கிடக்கிறான் என்று வருந்தும் பெற்றோருக்கு நான் சொல்வது, முடிகிற கேமைக் கொடுங்கள். (வைஸ் சிட்டியைக் கொடுக்காதீர்கள். அது பெரியவர்களுக்கான கேம். பள்ளிப் பிள்ளைகள் கையில் அது போனது எங்கள் காலத்துக் கவனக்குறைவு.)

“வாங்க வசதி இல்லாதவர் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது” என்ற கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021-ல் 49,990 ரூபாய்க்கு வந்தது. அப்போது ஒரு புதுக் கேம் 4,999 ரூபாய். வெங்காய விலையை நம்பி இருக்கும் வீட்டில் அதை வாங்க மாட்டார்கள்தான், மறைக்க என்ன இருக்கிறது. வசதி இல்லாததால் அந்தக் கதவு வழியாக வந்தோம் என்பது உண்மை. உள்ளே இருந்தது நன்றாக இருந்தது என்பதும் உண்மை. முதல் உண்மை இரண்டாவதைப் பொய்யாக்கிவிடாது. தரை டிக்கெட்டில் பார்த்தவருக்கும் படம் ஒன்றுதான். கோயில் மண்டபத் தரையில் செதுக்கிய கட்டத்தில் மூன்று புலியையும் பதினைந்து ஆட்டையும் வைத்து ஆடுகிறவரிடம் போய், ‘செஸ் போர்டு வாங்கக் காசில்லையா’ என்று நாம் கேட்பதில்லை. ஆடுபுலி ஆட்டத்துக்கு அதன் வயதே மரியாதையைக் கொடுத்திருக்கிறது. கேமுக்கு மட்டும் அந்த வயது ஏன் குற்றமாகிறது?

திருட்டு நகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்டிரைவில் வந்தவற்றில் பெரும்பாலானவை காசு கொடுக்காத நகல்கள். இன்று அப்படி ஆட வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. போலந்திலிருந்து 2008-ல் தொடங்கிய ஜிஓஜி போன்ற கடைகள் பழைய கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி சரிசெய்து, பூட்டு இல்லாமல், தள்ளுபடி நாட்களில் மிகக் குறைந்த விலைக்கு விற்கின்றன. ஆனால் கிடைப்பது கொஞ்சம்தான். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் முறையாக வாங்கவே கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. ‘அவுட்டேட்’ என்ற அலட்சியம் செய்கிற வேலை இது. மதிப்பில்லை என்று முதலில் சொல்வார்கள், பிறகு யாரும் பாதுகாக்க மாட்டார்கள்.

ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் அந்த இலவச லேப்டாப்பைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரைச் சொருகினால் பலவும் ஓடும். மேலே சொன்ன கேம்களுக்கு அது தாராளம். பதினான்கு அங்குல டிவியையும் போடாதீர்கள். வாத்து சுடும் டக் ஹன்ட் கேமின் துப்பாக்கி வேலை செய்வது அந்த மாதிரிப் பிக்சர் டியூப் டிவியில் மட்டும்தான். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். இன்றைய தட்டை டிவி படத்தைக் காட்டுவதற்குள் ஒரு நொடியின் சிறு துண்டு தாமதமாகிவிடுகிறது, அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எல்இடியாக இருந்தாலும் அந்த வாத்து விழாது. வெளிநாடுகளில் பழைய கேம் ஆடுகிறவர்கள் இந்த டிவிகளைத் தேடி அலைகிறார்கள். பெரம்பலூர் மாவட்ட நூலகத்தில் ஒரு மேசை ஒதுக்கி அப்படி ஒரு டிவி, ஒரு டிவி கேம், இரண்டு பழைய லேப்டாப் வைத்தால் பெரிய செலவு ஆகாது. வைக்கச் சொல்லிக் கேட்போம். டிவி கொடுக்க எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார்கள்.